மாவு எழும் நேரம்

இஸ்ரேல் ராணுவச் சோதனைச் சாவடியில் பாலஸ்தீனர்கள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் தன்னார்வலர் நூரித், தன் கைக்கடிகாரத்தைவிட ஸுஹைலாவின் மாவுப் பேசினைத்தான் நம்பினாள். சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கையின் அடுப்பில் சுடுவதற்காக, விடியலில் பிசைந்த ரொட்டி மாவைத் துணியால் மூடி ஸுஹைலா தினமும் வரிசைக்குக் கொண்டுவருவாள். இரண்டு மணி நேரம் கழித்துச் சுழல்கதவை அடையும்போது மாவு சரியாக விளிம்புவரை எழும்பியிருக்கும். மூன்று வருடத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை.

இன்று வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. பத்தே நிமிடத்தில் கதவருகே வந்துவிட்ட ஸுஹைலா துணியை விலக்கினாள். மாவு அடியில் அப்பிக் கிடந்தது.

"அந்தப் பக்கம் போய் வெச்சா எழும்பாதா?" என்றாள் நூரித்.

"தெரியலயே. அங்க வெச்சுப் பாத்ததே இல்ல."

ஸுஹைலா பேசினை மறுபடி துணியால் மூடித் தரையில் இறக்கி வைத்தாள். பின்னால் வந்தவர்களும் பேசினைப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். சிப்பாய் வரச்சொல்லிக் கையசைத்தும், திறந்த கதவுக்கு முன்னால் நூறு பேர் அசையவில்லை.

நூரித்தின் படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதன்மேல் பேனாவை வைத்தபடி அவள் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது.