இன்னும் ஒரு ரூம்

"மாடியில ரெண்டு ரூம் சேர்த்துக்கோம்மா. ரெண்டுக்கும் தனித்தனி பாத்ரூம்," என்றார் நர்ஸம்மா, காய்கறிக் கடையில் கொசுறு கேட்பதுபோல.

எஸ்டிமேட் போடும் பெண் கால்குலேட்டரை ஓங்கித் தட்டினாள். அந்த ஆபீசில் ஒரு விதி. என்னென்ன அறை, எத்தனை சதுர அடி, மொத்தம் எவ்வளவு என்று முடிவாகி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆர்க்கிடெக்ட் பென்சிலைத் தொடுவார். அதுவரைக்கும் மாரடிப்பது அவள் பொறுப்பு.

"முதல்ல சொன்னது ஆயிரத்து அறுநூறு சதுர அடி, நாப்பது லட்சம். இப்போ ரெண்டாயிரம். அம்பது லட்சம்மா!"

அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் மகன். "அப்போ அம்மா கையில மிச்சம் எவ்வளவு இருக்கும்?"

"பன்னெண்டு."

தாயைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள் அவள். முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் ராவும் பகலும் நின்று சேர்த்தது அறுபத்திரண்டு லட்சம். ரிட்டயரான கையோடு அத்தனையையும் செங்கல்லில் கொட்டப் பார்க்கிறாரே இந்த மனுஷி!

"கீழ ஒரு பெரிய ஹால். முந்நூறு சதுர அடி போட்டுக்கோ."

"எதுக்கும்மா? இருக்கப்போறது நீங்க ஒருத்தர். பந்து விளையாடப் போறீங்களா?"

"பையன் குடும்பத்தோட வந்தா போனா வேணும்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வார்த்தையைத்தான் அவளுடைய அப்பாவும் சொன்னார். மூட்டை தூக்கிய காசையெல்லாம் அண்ணனுக்கு மாடி கட்டுகிறேன் என்று இறைத்தார். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் இரும்புக் கம்பிகள்தான் பதினைந்து வருடமாக வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நிற்கின்றன. வீட்டில் முதல்முதலாகக் காலேஜ் படியேறியவள் அவள்; ஃபீஸ் கட்ட அம்மாவின் கம்மல்தான் மிஞ்சியிருந்தது.

"அம்பத்தேழரை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாலரைதான் மிச்சமா?" மகனின் முகம் சுண்டிவிட்டது. "ரெண்டு ரூம் போதும்மா. உனக்கு எதுக்கு இவ்வளவு?"

"அவர் சொல்றதைக் கேளுங்க! இதைப் பெருக்கித் துடைக்கவே தனியா ஒரு ஆள் வைக்கணும்."

"கார் நிறுத்த ஒரு ஷெட்," என்றார் நர்ஸம்மா, காதில் விழாதவர்போல. "நூத்தியெண்பது சதுர அடி."

"உங்ககிட்ட கார் இருக்கா?"

"சைக்கிள் கூட இல்ல."

இப்படியொரு பார்ட்டியை அவள் பார்த்ததே இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் கிச்சன் எந்தப் பக்கம், ஜன்னலைத் திறந்தால் காற்று வருமா என்று கேட்டே உயிரை எடுப்பார்கள். இந்த அம்மா அதையெல்லாம் வாயே திறக்கவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "இப்போ மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

"அறுபத்திரெண்டு! கச்சிதமா, பைசா பாக்கியில்லாம! திருப்தியா?"

மகன் கைப்பையை மேசைமேல் டமாரென்று வைத்துவிட்டு எழுந்தான். "நான் வெளிய நிக்கறேன். நீ என்னமோ பண்ணு." அவன் கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. பேனாவைத் தூக்கிப் போட்டாள்.

"இங்க பாருங்கம்மா. மொத்தச் செலவுல நூத்துக்கு அஞ்சு எங்க முதலாளிக்கு. வீடு வீங்க வீங்க அவருக்குக் கொண்டாட்டம். வாயை மூடிட்டுக் கையெழுத்து வாங்கறதுதான் என் வேலை, ஆனா என்னால முடியல. இன்னும் ஒரு கோடு கூட வரையல. இப்போ நிறுத்தினா எதுவும் குடிமுழுகாது. அஸ்திவாரம் தோண்டிட்டா உங்க வாழ்நாள் உழைப்பு குழிக்குள்ள போயிடும். நாளைக்குக் காய்ச்சல்னு படுத்தா மாத்திரைக்கு யார்கிட்ட கையேந்துவீங்க? பெத்த பிள்ளை அவ்வளவு அக்கறையா சொல்றாரு, உங்க மேல உங்களுக்கு அக்கறை வேணாமா?"

சின்னப் பெண்ணிடம் இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் நர்ஸம்மா முகம் சுளிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரிந்த மகனின் முதுகையே முறைத்தார்.

"அக்கறையா? மூணு தொழில் ஆரம்பிச்சு மூணையும் முழுங்கினான். இப்போ நாலாவதுக்கு என் காசு வேணுமாம். இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது." குரல் தாழ்ந்திருந்தாலும் கொதித்தது. "மொத்தத்தைக் கொட்டை எழுத்துல போட்டு, உங்க ஆபீஸ் சீல் குத்திக் குடு. எஸ்டிமேட் போட்டதுக்கு உண்டான ஃபீஸை இப்பவே குடுத்துடறேன்."

"அவருக்குக் குடுக்க இஷ்டமில்லைன்னா குடுக்காதீங்க! அதுக்காக இருக்கறதையெல்லாம் வீட்டுல போட்டு அழிப்பீங்களா?"

நர்ஸம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

"கணக்கு போடுன்னுதானே சொன்னேன். கட்டறேன்னு எப்போ சொன்னேன்?"