இடது கைக்கு ஒரு வாட்ச்

"கை அசையுதுடா" என்றார் நாகநாதன், கட்டிலில் படுத்தபடி இடது மணிக்கட்டைப் பார்த்து. "தூக்கத்துல தானா அசையுது போல. முள்ளைப் பாரு, ஓடிக்கிட்டே இருக்கு."

மகன் பரணிதரன் பார்த்தான். தங்க நிற வாட்ச் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதன் அசலைக் கட்டுகிறவர்கள் விமானத்தில் போவார்கள். இது திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கட்டிலில் படுத்துக் கிடந்தது.

"ஒரு வாரமா நிக்கவே இல்லப்பா" என்றான். குரலில் சந்தோஷத்தை வரவழைக்கப் பார்த்தான். அந்த வீட்டில் இப்போதெல்லாம் எதுவும் கூப்பிட்டால் வருவதில்லை.

பக்கவாதம் நாகநாதனின் காலைப் பாதி திருப்பிக் கொடுத்துவிட்டது. வாயைத் தொடவே இல்லை. அது நல்லதற்குத்தானா என்று மனைவி தங்கமணி இன்னும் முடிவுக்கு வரவில்லை. இடது கைதான் பக்கத்து வீட்டுக்காரர் மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. டாக்டர் அதில் ஊசியால் குத்திப் பார்த்தபோது, நாகநாதன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "எப்ப சார் குத்துவீங்க?" என்று கேட்டார்.

பரணிதரன் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வந்தால் டூப்ளிகேட் வாட்ச்களுக்கு அழகு நிலையம் நடத்துகிறவன். போலியை வாங்கி, கண்ணாடி மாற்றி, முள் மாற்றி, உள்ளே இருக்கும் பேட்டரி மெஷினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆட்டோமேட்டிக் மெஷினை வைத்து, அசலே பார்த்தால் கொஞ்சம் யோசிக்கும்படி ஆக்குவான். விற்பதில்லை. டிராயரில் வைத்து, அவ்வப்போது திறந்து பார்த்து மூடுவான்.

"பொய்க்கு இஸ்திரி போடுறான்" என்பது நாகநாதனின் விமர்சனம்.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குக் கை ஆட்டம்தான் சாவி. கை சும்மா கிடந்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். அதற்காகவே தன்னிடம் இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து அப்பாவின் இடது கையில் கட்டி, "ஆட்டுனாத்தான் ஓடும்பா, ஆட்டிப் பாருங்க" என்றான். வாட்ச் நின்றது. ஓடவிட்டு மறுபடி கட்டினான், மறுபடி நின்றது. நிற்கும்போதெல்லாம் நாகநாதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பிப் போனது.

போன வாரம் பரணிதரன் அதைத் துடைத்துத் தருவதாகச் சொல்லிக் கழற்றிக்கொண்டு போனான். ஆட்டோமேட்டிக் மெஷினைப் பிடுங்கிவிட்டு, மூன்று வருஷம் ஓடும் பேட்டரி மெஷினைச் சொருகினான். இந்தப் பொழுதுபோக்கில் அவ்வளவு கேவலமான வேலையை அவன் செய்ததே இல்லை. கதவு நிலையில் கட்டித் தொங்கவிட்டாலும் அது ஓடும்.

மறுநாள் அப்பா கேட்டு வாங்கி இட்லி சாப்பிட்டார். பரணிதரனுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டான்.

இப்போது வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. பக்கத்து வயல்காரர் செல்லதுரை உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, கல்லணை தொறந்தாச்சு. குறுவைக்கு உங்க நிலத்தையும் சேத்து நானே நட்டுடறேன், குத்தகைக்கு விடுங்க. உங்க கை சரியாவுற வரைக்கும்தான்."

"சரியாவுது செல்லதுரை. வாட்ச்சைப் பாரு, என் கைதான் ஓட்டுது. இந்த நடவுக்கு நானே வரப்புல நிப்பேன்."

"ரொம்ப சந்தோசம்ணே." செல்லதுரை வாட்ச்சைப் பார்த்துவிட்டு பரணிதரனையும் பார்த்தார். "அப்ப வைத்தியலிங்கம் நிலத்தைப் பேசி முடிச்சுடறேன். அவரும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

தங்கமணி ஈரத்துணியோடு வந்து, வாட்ச்சைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுக் கணவரின் கையைத் துடைத்தாள். "பாருடா உன் டூப்ளிகேட்டை. செயினுக்கு அடியில கோடு கோடா கீறிச் செவந்து கெடக்கு."

பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே தெரியும் இடத்தையெல்லாம் கண்ணாடி மாதிரி தேய்த்திருந்தான். செயினின் உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தான்.

செல்லதுரை எழுந்தார். அவர் வாசல் படியிறங்கினால் இந்தக் குறுவைக்கு நிலம் தரிசுதான். நாற்று நடும் நாளில் அப்பா வரப்புக்குப் போக முடியாமல் இதே கட்டிலில் கிடப்பார், கையில் வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றான் பரணிதரன். பிறகு கட்டிலைப் பார்த்து, பாடம் எடுக்கிற குரலில் சொன்னான். "அப்பா, அது உங்க கையால ஓடல. போன வாரம் நான்தான் உள்ள பேட்டரி போட்டேன். கை அப்படியேதான் இருக்கு. நிலத்தை இவர்கிட்ட குடுத்துடுங்க."

தங்கமணியின் கையில் துணி அப்படியே நின்றது. செல்லதுரை வாசல் பக்கம் பார்த்தார்.

பரணிதரன் திட்டுக்காகக் காத்திருந்தான். சின்ன வயதிலிருந்து வாங்கிப் பழகியதுதான். இன்றைக்கு ஒன்று கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

நாகநாதன் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு அவருடைய வலது கை மெல்ல ஊர்ந்து வந்து, இடது கைச் செயினுக்கு அடியில் விரலை விட்டு நெம்பப் பார்த்தது.

"பேட்டரியோ என்ன எழவோ, மொதல்ல இதைக் கழட்டித் தொலைடா, ராத்திரியெல்லாம் அரிக்குது."