தீவுக்கு வந்த கனடாக்காரர்

“தம்பியின்ர பிளட் குறூப் என்ன, சுசிலா?”

நண்டு உடைத்துக்கொண்டிருந்த சுசிலா நிமிர்ந்து பார்த்தாள். விருந்துக்கு வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது? கேட்டவள் கனடாவிலிருந்து வந்திருந்த றெஜினா. சுசிலாவின் கணவன் மரியநேசனுக்கு அண்ணன் பெண்சாதி.

“ஓ பொசிற்றிவ், அக்கா. ஏன்?”

“சும்மாதான். இவருக்கும் அதுதான்.” றெஜினாவின் முகத்தில் வந்த நிம்மதி சுசிலாவுக்குப் பிடிக்கவில்லை.

றெஜினாவின் புருசன் செபமாலை இருபது வருடமாக இந்தப் பக்கம் எட்டியும் பார்க்காத மனிதர். தகப்பனின் சாவுக்கும் வரவில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று, “இரணைதீவில கொஞ்ச நாள் ஆறுதலா இருக்கவேணும்” என்று பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

வெள்ளை மணலும் தென்னையும் பார்க்க வந்ததாகத்தான் பேச்சு. ஆனால் இருவரும் கடலைப் பார்த்ததைவிட மரியநேசனைப் பார்த்ததுதான் அதிகம். அவன் படகில் கை வைத்தாலே செபமாலை ஓடிவந்துவிடுவார்.

“நீ விடு, தம்பி. நான் தள்ளுறன். உன்ர உடம்பைக் கவனமாப் பார்.”

தம்பியின் உடம்பில் இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று சுசிலா மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். கொண்டுவந்த சேட்டும் சப்பாத்தும் சொக்லேட்டும் கொட்டிலின் மூலையில் தொடப்படாமல் கிடந்தன.

மத்தியானம் நண்டுக் கறி, பாரை மீன் பொரியல். மரியநேசனுக்கு மட்டும் வேறு சட்டி, ஏனென்றால் அவன் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து உப்பை விட்டிருந்தான். நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பதால் அந்தக் கரையில் யாரும் காரணம் கேட்பதில்லை. படகுக்குப் புது எஞ்சின் கேட்டிருப்பான் என்று சுசிலா தன்பாட்டில் நினைத்துக்கொண்டாள்.

மரியநேசன் அண்ணனுக்குக் கள்ளை ஊற்றி நீட்டினான். செபமாலை கையால் மறித்தார்.

“வேண்டாம், தம்பி. இப்ப தொடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்.”

“என்ன வருத்தம், அத்தான்?” சுசிலா சட்டென்று கேட்டாள்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எனக்கு ஒண்டுமில்லை, பிள்ளை,” என்றார் செபமாலை. ஒன்றுமில்லாத மனிதருக்கு டொக்டர் எதற்கு? அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

மறுநாள் விடியவே, கிளிநொச்சியில் சாமான் வாங்கவேண்டும் என்று சகோதரர் இருவரும் படகேறிப் போனார்கள். பொழுதுபட வெறுங்கையோடு திரும்பினார்கள். மரியநேசனின் முழங்கை மடிப்பில் சின்னதாக ஒரு பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது.

“இதென்னப்பா?”

“மீன் முள்ளு குத்திப்போட்டுது.”

கிளிநொச்சிக்குப் போனவனை எந்த மீன் வந்து குத்தியது? பொய் சொல்லவும் தெரியாத மனிசன். அவனை இவர்கள் எதற்கோ வளைத்துப் போடுகிறார்கள் என்பது சுசிலாவுக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்த நாள் காலை தண்ணீருக்குப் போன வழியில் விசயம் வெளித்தது. தீவில் கோயிலடியில்தான் போனுக்கு ஒழுங்கான சிக்னல். அங்கே நின்று றெஜினா கனடாவிலிருக்கும் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ அழாத, பிள்ளை. ஒரு கிட்னியோட எத்தினை பேர் நல்லா இருக்கினம். அப்பாவும் சித்தப்பாவும் கதைச்சு முடிவெடுத்திட்டினம். சித்திக்குத்தான் இன்னும் சொல்லேல்லை. அவள் தாங்கமாட்டாள்.”

சுசிலாவின் கையிலிருந்த வாளி நழுவியது. பிளட் குறூப், டொக்டர் மறித்த கள்ளு, முழங்கையில் பிளாஸ்ரர் எல்லாம் ஒன்றாகப் பொருந்தின. விற்கப்போகிற கிடாயைப் பார்ப்பதுபோல அல்லவா தன் மனிசனைப் பார்த்திருக்கிறார்கள்.

வலை இழுத்துப் பிழைக்கிறவன். வயிற்றை அறுத்து ஒன்றை எடுத்துவிட்டால் பிறகு எப்படிக் கடலுக்குப் போவான்? அவனுக்கு ஏதும் நடந்துவிட்டால் தன் கதி என்ன? அண்ணன் கேட்டால் உயிரையும் கொடுக்கிற விசரன் அவன்.

ஓட்டமும் நடையுமாகக் கொட்டிலுக்கு வந்தாள். கனடாப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படகடியில் போட்டாள். சத்தம் கேட்டுச் சகோதரர்கள் ஓடிவந்தார்கள், பின்னால் றெஜினாவும்.

“என்ன வேலை செய்யிறாய், சுசிலா?” என்றான் மரியநேசன்.

“நீங்கள் வாய் திறக்காதேங்கோ.” அவள் செபமாலையின் பக்கம் திரும்பினாள். “இருபது வருசமா ஒரு சுகம் விசாரிக்கேல்லை. அப்பரின்ர சவப்பெட்டியைத் தூக்கவும் வரேல்லை. இப்ப கிட்னி வேணுமெண்டவுடன தம்பியின்ர ஞாபகம் வந்திட்டுதோ, அத்தான்?”

“பிள்ளை, நான் சொல்லுறதை...”

“ஒண்டும் சொல்லவேண்டாம். உங்கட சேட்டுக்கும் சப்பாத்துக்கும் என்ர மனிசனை அறுத்துத் தரேலாது. அவரைவிட்டா எனக்கு ஆரும் இல்லை. படகில ஏறுங்கோ.”

மரியநேசன் மணலில் குந்தி, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். றெஜினா விக்கி விக்கி அழுதாள். செபமாலை சுசிலாவின் கையிலிருந்த கடைசிப் பெட்டியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

“பழுதானது அவன்ர கிட்னி, பிள்ளை. நான் குடுக்க வந்தனான்.”