ஆயிரத்து நாற்பது கப்

“வாயைத் திறக்காதீங்க சார். வரிசையில சும்மா நில்லுங்க, கப் தானா வரும்” என்றாள் ஆராய்ச்சி மாணவி.

பேராசிரியர் அப்படியே நின்றார். கல்லூரி கேன்டீன்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மறு நொடி, முகமெல்லாம் சிரிப்பாக இஞ்சி டீயை நீட்டினார். மாணவிக்குச் சூடான பால். பின்னால் நின்ற நூலகருக்குச் சர்க்கரை போடாத காபி. கேன்டீன்காரருக்கு ஜோசியர் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

“இதுதான் சார் என் டிசைன்” என்றாள், மேஜை முன் உட்கார்ந்ததும். “கம்ப்யூட்டர் பிராசசரும் இவர் மாதிரிதான், அடுத்து எந்த வழின்னு தெரியறதுக்கு முன்னாடியே ஊகிச்சு வேலையைத் தொடங்கிடுது. ஊகம் தப்பினா செஞ்சதெல்லாம் குப்பைக்குத்தான்.”

“அதுக்குத்தானேம்மா பழசையெல்லாம் ஞாபகம் வைக்கச் சொல்றேன்?”

“அவ்வளவு ஞாபகத்துக்கு சிப்புல இடம் எங்க சார்? சூடும் ஏறும். ஜோசியர் ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கார். கடைசியா வாயைத் திறந்து என்ன கேட்டாங்க? அது போதும்.”

இன்று ஒப்புதல் தாளில் பேராசிரியர் கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டு வருஷ உழைப்பு அலமாரிக்குப் போய்விடும். அவசரமாக நோட்டை விரித்தாள்.

“ஒரு மாசம் இங்கயே உட்கார்ந்து எண்ணினேன். என்னோடதும் சேர்த்து ஆயிரத்து நாற்பது கப். ஒண்ணுகூடத் திரும்பி வரல.”

பேராசிரியர் புரட்டினார். எல்லாம் டிக். ஒரு பெருக்கல் குறிகூட இல்லை. ஜோசியரின் கைகளையே வாய் பிளந்து பார்த்தார். தினமும் பார்க்கிற அவளுக்கே அந்தப் பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திணறுகிற வேலையை இந்த மனுஷன் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு செய்கிறாரே.

“அசந்துட்டேன்மா” என்று பேனாவைத் திறந்தார்.

அவளுக்கு உயிர் வந்தது. “டீ ஆறுது சார், குடிங்க.”

“எனக்கு இஞ்சியே ஆகாதும்மா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஜலதோஷம்னு ஒருநாள் கேட்டேன். அன்னிலேருந்து இதான். மனுஷன் அவ்வளவு ஆசையா நீட்டுறப்ப வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

பேனா தொடுவதற்குள் அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சேர்ந்த முதல் நாள் தொண்டை கட்டியிருந்ததால் கேட்ட பால், எதிரே ஆடை படிந்து கிடந்தது. இரண்டு வருஷமாக அவளுக்கு வேண்டியிருந்தது காபி.