மருந்துப் பெட்டி

மேடைக்குப் பின்னாலிருக்கும் ஒப்பனை அறையில் முப்பது பிள்ளைகள் ஒரே சுருதியில் ‘ஆ’ என்று தொண்டையைப் பக்குவப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிகளைச் சுற்றி எரியும் பல்புகளில் அறையே தகிக்கிறது. பள்ளிப் பாட்டுக்குழுவுக்குத் துணையாக வந்திருக்கும் ஒரு மாணவியின் அப்பா, பாட்டு டீச்சர் அவசரத்தில் கையில் திணித்துவிட்டுப் போன மருந்துப் பெட்டியோடு நிற்கிறார். உள்ளே பெயர் எழுதிய சின்னச் சின்னக் கவர்கள். ஒருத்திக்கு இருமல் மருந்து, ஒருவனுக்கு வாந்தி மாத்திரை. “ஆளுக்கொரு வியாதி வச்சிருக்கீங்களேடா!” என்று கேலி பேசியபடியே கொடுத்துக்கொண்டு வந்தவரின் விரல்கள் அடியில் கிடக்கும் கவரில் நின்றுவிடுகின்றன. அதில் அவர் மகளின் பெயர். பின் குத்திய சீட்டில் மனைவியின் கோழிக்கிறுக்கல்: ‘டீச்சர், வலிப்பு மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவள் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் பாட விடமாட்டார்.’

மூன்றாவது முறையும் வாசிக்கிறார். எழுத்து மாறவில்லை. முப்பது தொண்டைகளின் ‘ஆ’ மட்டும் காதை அடைக்கிறது. நிமிர்ந்தால், எதிரில் மகள். சீட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷமாப்பா.”

கவரைப் பிரித்து, மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குகிறாள். அவ்வளவு பழக்கம். வெளியே மணி அடிக்கிறது. பிள்ளைகள் வரிசையாக மேடையை நோக்கி நகர்கிறார்கள்.

“டீச்சர் கூப்பிடறாங்க. கைய விடுங்கப்பா,” என்கிறாள் மெதுவாக.

அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது.