மைக்குக்கு வந்த வருத்தம்

முன்பள்ளிக் கலைவிழாவில், பெற்றோர் சங்கத் தலைவர் சிவராசா பேச்சின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோது மைக் செத்துப்போனது.

அவர் கவனிக்கவில்லை. தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்வரிசை சந்தோஷமாகக் கைதட்டியபோதுதான் விளங்கியது.

"ஜனார்த்தனன்! என்ன சவுண்ட் செற்றப்பா கொண்டந்தனீர்?"

சவுண்ட்ஸ்கார ஜனார்த்தனன் ஓடிவந்தார். வயரைத் தடவிக்கொண்டே மேடைக்குப் பின்னால் போய்வந்து, மைக்கில் இரண்டு தட்டுத் தட்டினார். உயிர் வந்தது.

பேச்சின் தலைப்பு, 'சின்னஞ்சிறுசுகளை ஆடவிடுவோம்'. மொத்தம் ஏழு பக்கம்.

அந்தச் சின்னஞ்சிறுசுகள் இரண்டு மணியிலிருந்து மேடைக்குப் பின்னால் மயில் உடுப்பில் வேர்த்துக்கொண்டிருந்தன. ஒரு மயில் நித்திரை. இன்னொரு மயில் தன் கொண்டையைக் கழற்றிச் சப்பிக்கொண்டிருந்தது. சிவராசாவின் மகள் மேனுகாவும் அதிலே ஒரு மயில். பன்னிரண்டு மயில்களையும் அவர் மனைவி நேசமலர்தான் அங்கே கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தைக் கடைசியில் வைத்தது சிவராசாவின் மூளை. பிள்ளைகள் ஆடி முடித்தால் சனம் எழும்பிப் போய்விடும். பிறகு பேச்சை யார் கேட்பது, பந்தல் காலா?

பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கிய கௌசலா ரீச்சர் மெல்ல மேடையோரம் வந்தார்.

"ஐயா, ஐஞ்சு மணிக்குக் கடைசி பஸ். அதை விட்டால் பூநகரியில வேற பஸ் இல்லை. பாதிப் பிள்ளையள் ஆடாமலே போயிடுங்கள். ரெண்டு மாசமாப் பழகினதுகள், பாவம்."

"பொறும் ரீச்சர். பிள்ளையள் ஏன் ஆடோணும் எண்டு முதல்ல தாய்தேப்பனுக்கு விளங்கோணும். பிறகு ஆடட்டும்."

மணி நாலேகால். நாலாம் பக்கம். "குழந்தைகளின் கால்களுக்கு நாம் விலங்கு பூட்டலாமா?" என்று சிவராசா கையை உயர்த்தினார். மைக் மறுபடியும் செத்தது. சனம் சிரித்தது.

"இது மைக்கோ, மண்வெட்டிப் பிடியோ?"

"வயர் பழசு ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஐந்தாம் பக்கத்தில் மூன்றாம் தரமும் செத்தது. சிவராசாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"உமக்கு வெக்கமில்லையோ? வாற மாசம் திருவிழாவுக்குக் கோயில் பக்கம் தலைவைச்சும் படுக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

பத்து நாள் திருவிழா; கோயில் நிர்வாகமும் சிவராசாவின் கையில்தான். ஜனார்த்தனனுக்கு வருசத்தில் பெரிய வேலை அதுதான். அத்தனை சனத்துக்கு முன்னால் அவர் முகம் கறுத்துப்போனது.

"என்ர பிழைதான் ஐயா."

"மைக் சரிவருமட்டும் பிள்ளையளை ஆடவிடட்டோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"செற்றே செத்துக்கிடக்கு. பாட்டு எப்பிடிப் போகும்?"

"வருத்தம் வந்து படுத்தது மைக்குத்தான் ஐயா. பாட்டுக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லியபடியே ஜனார்த்தனன் பட்டனை அமத்திவிட்டார்.

பாட்டு பந்தலை உலுப்பியது. மயில்கள் பாய்ந்து வந்தன. இடப்பக்கம் போக வேண்டியது வலப்பக்கம் போய் இன்னொன்றோடு முட்டி விழுந்து, சிரித்துக்கொண்டே எழும்பியது. மேனுகா பழகினதையெல்லாம் மறந்து தவளை மாதிரிக் குதித்தாள். சனம் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டியது. பஸ் ட்ரைவரும் ஹோர்ன் அடிக்க மறந்து வேலியோரம் நின்று பார்த்தார். பாட்டு முடிந்ததும் "இன்னொருக்கா!" என்று பிள்ளைகளே கத்தின. இன்னொருக்காவும் ஆடின.

மிச்சப் பக்கங்களைப் பற்றி ஒருவரும் சிவராசாவைக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு மெத்தக் கவலை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அந்தாள் என்ர மானத்தைக் கப்பலேத்திப்போட்டுது. திருவிழாவுக்கு வேற ஆளைத்தான் பிடிக்கோணும்."

நேசமலர் தேங்காய் எண்ணெய் தொட்டு மகளின் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அவரையே பிடியுங்கோ. மூண்டு தரமும் மைக் வயரைக் கழட்டினது நான்."

சிவராசாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"நீயோ! அந்தாளுக்கு இது தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? நான் குனியேக்க இடுப்பு நாரி பிடிக்குதெண்டு கண்டிட்டு, ரெண்டாந்தரம் கதிரை கொண்டந்து போட்டுத் தந்ததே அவர்தான்."