ஏழு வட்டியும் ஏழரை வட்டியும்

“இன்னிக்குக் கணக்கு போட்டியாம்மா?”

செருப்பைக் கழற்றும்போதே கேட்டான் மகன். மறதி முற்றாமலிருக்க தினம் ஒரு கணக்கு போடச் சொல்லியிருந்தார் டாக்டர். முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இப்படியும் ஒரு மருந்து!

“ஒரே கணக்கோட மூணு நாளா மல்லுக்கட்டறேன். சரியா வர மாட்டேங்குது.”

“பாத்தியா? இதுக்குத்தான் சொல்றேன்.”

பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். வீட்டை விற்க, அடமானம் வைக்க மகனுக்கே முழு அதிகாரம் தரும் பவர் பத்திரம். அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“போன வாரம் அடுப்பை அணைக்காம வீட்டைப் பூட்டிட்டுப் போனே. நாளைக்கு எவனாவது வந்து ஏமாத்தி எழுதி வாங்கிட்டா?”

“எனக்கும் அந்தப் பயம்தான்டா. இந்த வீட்டை விட்டா எனக்கு வேற போக்கிடம் ஏது?”

“என்மேல நம்பிக்கை இல்லையா? ரிடையர் ஆனப்போ வந்த பணத்தை நான்தானே அலைஞ்சு திரிஞ்சு பேங்க்ல போட்டேன்? ரசீதைக்கூட நானே பத்திரமா வெச்சிருக்கேன். மாசம் பொறந்தா வட்டி உன் கைக்கு வருதா இல்லையா?”

“வருது. ஒரு மாசம்கூடத் தவறல.”

“இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் அத்தை!” என்று சமையலறையிலிருந்து மருமகள் குரல் கொடுத்தாள். சமயத்தில் சரியாகக் குரல் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

“கையெழுத்துதானே, போடறேன். முதல்ல இந்தக் கணக்கை முடிச்சுக் குடு. தலையே வெடிச்சிடும் போலிருக்கு.”

நோட்டை நீட்டினாள். அடித்து அடித்துத் திருத்தியதில் அந்தப் பக்கமே கிழிந்திருந்தது. பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

‘ஒருவரிடம் இருபத்து நான்காயிரம் இருந்தது. ஒரு பகுதியை ஏழரை சதவீத வட்டிக்கும், மீதியை ஏழு சதவீத வட்டிக்கும் போட்டார். ஒரு வருட மொத்த வட்டி ஆயிரத்து எழுநூற்றுப் பத்து. ஏழு சதவீதத்துக்குப் போட்டது எவ்வளவு?’

“அட, ஒன்பதாங்கிளாஸ் கணக்கும்மா! இதுக்கா மூணு நாளு?”

“நீதான் இதுல சூரப்புலியாச்சே.”

சூரப்புலி பேனாவைத் திறந்தது.

“மொத்தத்தையும் ஏழரைக்குப் போட்டிருந்தா ஆயிரத்து எண்ணூறு வரணும். தொண்ணூறு குறையுது. ஏழுக்குப் போட்ட ஒவ்வொரு நூத்துக்கும் அரை குறையும். அப்போ ஏழுக்குப் போட்டது பதினெட்டாயிரம். ஏழரைக்கு வெறும் ஆறாயிரம். அவ்வளவுதான் விஷயம்!”

“நல்லாப் பாரு. தப்பில்லையே?”

“நீ சொல்லிக் குடுத்த கணக்கும்மா, தப்புமா? இந்தா, கையெழுத்தைப் போடு.”

பேனாவை வாங்கினாள்.

பத்திரத்தை ஒதுக்கிவிட்டு, அவன் எழுதிய விடையின் பக்கத்தில் இரண்டு சைபர் போட்டாள். பதினெட்டாயிரம், பதினெட்டு லட்சம் ஆனது.

“நான் உன் கையில குடுத்தது இருபத்து நாலு லட்சம்டா. மாசா மாசம் நீ தர்ற வட்டியைக் கூட்டினா வருஷத்துக்கு ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம். பேங்க்ல விசாரிச்சேன். அறுபது வயசு தாண்டினவங்க பேர்ல போட்டா ஏழரை, உன்னை மாதிரி மத்தவங்க பேர்ல போட்டா ஏழாம்.”

மகன் பத்திரத்தை மெல்லப் பைக்குள் தள்ளினான். சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது.

“மூணு நாளா எனக்கும் இதே விடைதான்டா வந்துச்சு. என் மூளை கெட்டுப்போயிருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”